ரயில் போகிற பாலத்தில் ஆள் நடக்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் ராயபுரம் வாசகி ஒருவரின் கேள்வியை மட்டும் அச்சிட்டுவிட்டு, இடமில்லாததால் பதிலை இந்த இதழுக்குத் தள்ளியிருந்தேன். வெளிநாட்டில் பழைய ரயில் பாலத்தின் மேல் நடந்து தர்மத்துக்குப் பணம் திரட்டுகிறார்களாமே, அது என்ன கூத்து என்பதுதான் அந்தக் கேள்வி. நான் பதில் எழுதுவதற்குள் பாதி வடசென்னை பாலத்தில் ஏறிவிட்டது. வியாசர்பாடியிலிருந்து கோபமாக ஒன்று, பெரம்பூரிலிருந்து சந்தேகமாக ஒன்று, காசிமேட்டிலிருந்து ஒரு முழுத் திட்டமே வந்திருக்கிறது. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 34 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் பாலம் கட்டுகிற இன்ஜினீயர் என்று யாரும் என்னை நினைத்துக்கொள்ள வேண்டாம், நான் ரயில் பெட்டி ரிப்பேர் பார்த்தவன். ஆனால் ரயில்வேக்காரன் செருப்பில் கொஞ்சம் ஜல்லி ஒட்டிக்கொண்டேதான் இருக்கும், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு நிதி சேர்க்க, ஹட்சன் ஆற்றின் மேல் இருக்கும் பழைய ரயில் பாலத்தில் கூட்டமாக நடக்கப் போகிறார்களாம். "நீயும் ஒரு தொகை எழுதும்மா" என்கிறாள். அவள் நடப்பதற்கு நான் ஏன் பணம் தர வேண்டும்? நடுப்பாலத்தில் ரயில் வந்துவிட்டால் என்ன செய்வாள்? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை ஐயா.
- வாசகி, ராயபுரம்

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா, அந்தப் பாலத்தில் ரயில் ஓடி 50 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நியூயார்க் மாநிலத்தில் பொகீப்சி என்கிற ஊரில் இருக்கும் பாலமாகத்தான் இருக்க வேண்டும். 1880-களின் கடைசியில் கட்டி முடித்த இரும்புப் பாலம், தண்ணீரிலிருந்து 212 அடி உயரம். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துச் சரக்கு ரயிலுக்கெல்லாம் அதுதான் ராஜபாட்டை. 1974 மே 8-ஆம் தேதி பாலத்தின் மேல் தீப்பிடித்து, தண்டவாளத்தைத் தாங்குகிற ஸ்லீப்பர் கட்டைகள் எரிந்து, அதோடு ரயில் நின்றுபோனது. பிறகு யாருக்கும் வேண்டாத பாலமாகக் கிடந்தது. 1984-இல் அதை வைத்திருந்த ரயில் கம்பெனி ஒரே ஒரு டாலருக்கு விற்றது என்றால் எவ்வளவு சீந்துவாரற்றுக் கிடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். (மூர் மார்க்கெட்டில் பழைய டிரான்சிஸ்டர்கூட அந்த விலைக்கு வராது.) இடித்துப் போட்டிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் விடாமல் ஆள் சேர்த்து, பணம் சேர்த்து, மேலே கான்கிரீட் பலகைகளைப் பரப்பி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, 2009 அக்டோபர் 3-ஆம் தேதி நடைபாதையாகத் திறந்துவிட்டார்கள். இன்று அது மாநில அரசின் பூங்கா. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். உங்கள் மகள் மெரினாவில் நடப்பதுபோல் நடந்துவிட்டு வருவாள், உயரம் பார்த்துக் கொஞ்சம் தலை சுற்றினால் உண்டு.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் பாலத்தின் நீளம் 6,768 அடி, அதாவது சுமார் 2.06 கிலோமீட்டர். நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளமும் கிட்டத்தட்ட அதே 2.06 கிலோமீட்டர்தான். உங்கள் மகளுக்குப் போன் செய்யும்போது, "நீ நடப்பது பாம்பன் பாலம் நீளம்தான்டி" என்று சொல்லிப் பாருங்கள், அவளுக்கே தெரிந்திருக்காது.

அடுத்தது பணம். அவள் நடந்தால் நான் ஏன் தர வேண்டும் என்று கேட்டீர்கள், நியாயமான கேள்வி. ஆனால் இது நமக்குப் புதிதே இல்லையே. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடக்கிறவர்களுக்கு வழியில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறோம். நடக்கிறவர் ஒருவர், அதில் பங்கு கேட்கிறவர் இன்னொருவர். வேண்டிக்கொண்டு பாதயாத்திரை போகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் "எனக்கும் சேர்த்து உண்டியலில் போட்டுவிடப்பா" என்று நூறு ரூபாய் கொடுத்து அனுப்புகிறோம். வெளிநாட்டில் அந்த உண்டியலை முன்னாலேயே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் இத்தனை கிலோமீட்டர் நடந்தால் நீங்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு தருவீர்களா என்று தெரிந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள், நடந்து முடித்ததும் வசூல் செய்து மொத்தமாகக் கட்டுவார்கள். நடக்கிறவருடைய சிரமத்தைப் பார்த்து, சும்மா கேட்டால் தராத சித்தப்பாகூடத் தந்துவிடுவார். அதுதான் சூட்சுமம்.

நீங்கள் 500 ரூபாய் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் அவள் சம்பளத்திலேயே போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: அண்ணே, பாம்பன் பழைய பாலத்தில் இப்போதுதான் ரயில் ஓடுவதில்லையே. அமெரிக்காக்காரன் மாதிரி நாமும் அதில் ஒரு நாள் நிதி நடை வைத்தால் என்ன? கடலில் காணாமல்போன மீனவர் குடும்பங்களுக்குப் பணம் திரட்டலாம். எங்கள் பசங்க நூறு பேர் தயார், வேனும் பேசிவிட்டோம்.
- வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, எண்ணம் தங்கம். வேனை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

அந்தப் பாலத்தின் கதை உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஏன் அதில் நடக்கக்கூடாது என்பது அதன் கதைக்குள்ளேயே இருக்கிறது. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறந்தது. 140-க்கும் மேற்பட்ட கண்கள், நடுவில் கப்பல் போவதற்கு இரண்டாகப் பிரிந்து மேலே தூக்குகிற பகுதி. அந்தத் தூக்குப் பகுதியைக் கடைசிவரை ஆட்கள் கையால்தான் நெம்பித் திறந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். 1964 டிசம்பரில் வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டது. பாலத்தின் பெரும்பாலான கண்களும் அடித்துக்கொண்டு போயின, தூக்குப் பகுதி நின்றது. விழுந்த இரும்புத் துண்டங்களைக் கடலிலிருந்து எடுத்து 46 நாளில் பாலத்தை மீண்டும் ஓட வைத்தவர்தான் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஈ. ஸ்ரீதரன். 2007-இல் அகல ரயில் பாதையாக்கினார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்தும் உப்புக்காற்று சும்மா இருக்குமா? தூக்குப் பகுதி துருவேறித் தளர்ந்துபோய், 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தாயிற்று. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பொகீப்சி பாலத்தில் ரயில் நின்ற பிறகு 35 வருடம் கழித்துத்தான் ஆள் நடந்தார்கள். அந்த இடைவெளியில் தூண் தூணாகச் சோதனை பார்த்து, தளம் போட்டு, கைப்பிடி வைத்தார்கள். பாம்பனில் தளம் இல்லை, கைப்பிடி இல்லை, ஸ்லீப்பருக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவே கடல் தெரிகிறது. ரயில் போனபோது உறுதியாக இருந்த பாலம் ரயில் நின்ற பிறகு ஆளுக்காவது தாங்கும் என்று நாமாகக் கணக்குப் போடக்கூடாது. துருப்பிடித்த இரும்பின் மேல் ஆள் நிறுத்திப் படமெடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். யார் குடும்பத்துக்காகப் பணம் திரட்டுகிறீர்களோ அவர்கள் ஏற்கெனவே ஒருவரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாம்பனில் நடக்கத்தான் ஆசை என்றால் 1988-இல் திறந்த சாலைப் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் போலீஸ் அனுமதி வாங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாகப் போனால் ரயில் பாலம் கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் நூறு பேரை வேனில் ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போய்வர ஆகும் டீசல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணத்தை அப்படியே இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, நடையை நம் வடசென்னையிலேயே நடத்தலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. இடம் கீழே சொல்கிறேன்.

கேள்வி: ஆயிரம் டன் ரயிலைத் தாங்குகிற பாலம் ஆள் நடந்தால் என்ன ஆகும்? அனுமதி தர ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? எங்கள் கல்லூரியில் இதை வைத்துப் பந்தயமே கட்டியிருக்கிறோம்.
- மாணவர், பெரம்பூர்

பதில்: பந்தயத்தில் நீ எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. நானே இரண்டு பக்கத்துக்கும் பேசுகிறேன்.

எடை என்று பார்த்தால் நீ சொல்வது சரி. ஒரு மின்சார எஞ்சின் மட்டும் 120 டன்னுக்கு மேல், நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். அதே 20 மீட்டர் நீளத்தில், 4 மீட்டர் அகலத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்று தேர்த்திருவிழா நெரிசலாக ஆளை நிறுத்தினாலும் 400 பேர்தான், ஆளுக்கு 60 கிலோ போட்டால் 24 டன். எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு. ரயில் பாலத்தை ஆள் எடை ஒன்றும் செய்துவிடாது.

ஆனால் ரயிலுக்காகக் கட்டாத பாலங்களில் ஆள் கூட்டம் என்னென்ன செய்திருக்கிறது என்று பார். 1831-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் பிராட்டன் என்ற தொங்கு பாலத்தில் 74 சிப்பாய்கள் கால் சேர்த்து நடந்தார்கள். பாலம் தாளம் பிடித்துக்கொண்டு ஆட, அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்து இன்னும் அழுத்தி மிதிக்க, ஒரு முனை பிய்ந்து கீழே போனது. நல்லவேளை, ஆற்றில் தண்ணீர் ஆழமில்லை, யாரும் சாகவில்லை. அதன் பிறகுதான் பாலத்தில் ஏறினால் கால் கலைத்து நட என்று பட்டாளத்தில் உத்தரவு போட்டார்கள். 1987-இல் சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தின் 50-வது வருட விழாவுக்கு வண்டிகளை நிறுத்தி ஆளை விட்டார்கள், ஏறக்குறைய 3 லட்சம் பேர் ஒரே நேரத்தில் மேலே. வில் மாதிரி லேசாக மேலே வளைந்திருந்த தளம் நடுவில் தட்டையாகிப்போனது, 7 அடி இறங்கியதாகக் கணக்கு. கார் வரிசையைவிட மனிதர்கள் நெருக்கமாக நிற்பார்கள், அதுதான் காரணம். சாலைப் பாலத்தில் கூட்டம்தான் பெரிய பாரம், ரயில் பாலத்தில் ரயில்தான் பெரிய பாரம், இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

எனக்குப் பிடித்த உதாரணம் லண்டனில் நடந்தது, அதுவும் நம் விஷயத்தோடு நேராக ஒட்டியது. தேம்ஸ் நதியின் மேல் நடப்பதற்கென்றே மில்லேனியம் பாலம் என்று ஒன்று கட்டி 2000 ஜூன் 10-ஆம் தேதி திறந்தார்கள். முதலில் ஏறியவர்கள் யார் தெரியுமா, தர்ம நடைக்காரர்கள். ஏறினார்கள், பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. யாரும் கால் சேர்த்து நடக்கவில்லை. ஆனால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நாம் லேசாக இடமும் வலமும் தள்ளுகிறோம். பாலம் ஒரு நூல் ஆடியதும், விழாமல் இருக்க எல்லாரும் அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடியே காலை வைக்கிறார்கள், ஆட்டம் பெரிதாகிறது, இன்னும் அதிகம் பேர் அந்தத் தாளத்தில் விழுகிறார்கள். பேருந்தில் படியில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்களே, அந்த மாதிரி. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வை உறிஞ்சும் கருவிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள்.

சரி, ரயில் பாலத்தில் இதெல்லாம் இல்லையென்றால் ஏன் பயப்படுகிறார்கள்? பாலத்துக்காக அவர்கள் பயப்படுவதில்லை, உனக்காகத்தான். இரும்புக் கர்டர் (உத்திரம்) பாலத்தில் ஜல்லி கிடையாது, ஸ்லீப்பர்கள் நேராகக் கர்டர் மேல் உட்கார்ந்திருக்கும், நடுவே ஒன்றரைச் சாண் ஓட்டை. தண்டவாளத்துக்கு உள்பக்கம் இன்னும் இரண்டு தண்டவாளம் ஓடும், சக்கரம் தடம் புரண்டாலும் பெட்டி ஆற்றில் விழாமல் பிடிப்பதற்கு. தெரியாதவர் கால் மாட்டுவது அதில்தான். ஓரத்தில் அங்கங்கே ஆள் ஒதுங்கி நிற்கச் சின்ன மேடை வைத்திருப்பார்கள், அதில் மூன்று பேர் நிற்கலாம், முந்நூறு பேர் நிற்க முடியாது. வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டாலும் நிற்பதற்குள் பல நூறு மீட்டர் ஓடிவிடும். அதனால் ரயில் ஓடுகிற பாலத்தில் பொதுமக்கள் நடை என்றால் அன்று அந்தப் பாதையில் ரயிலை முழுக்க நிறுத்தி, மேலே மின்கம்பி இருந்தால் மின்சாரத்தை வெட்டி, பலகை பரப்பி, ஆளை எண்ணி விட்டு, எண்ணி இறக்க வேண்டும். சிட்னி துறைமுகப் பாலத்தில் ரயிலும் ஓடுகிறது, காரும் ஓடுகிறது. அங்கே 2007-இல் 75-வது வருட விழாவுக்கு ஜனங்களை நடக்க விட்டபோதுகூட கார் ஓடுகிற சாலைப் பகுதியில்தான் விட்டார்கள்.

ஆக, பாலம் தாங்குமா என்று பந்தயம் என்றால் தாங்கும் என்றவன் ஜெயித்தான். விடலாமா என்று பந்தயம் என்றால் விடக்கூடாது என்றவன். பணத்தைப் பாதி பாதியாக்கி டீ குடித்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் தண்டவாளத்தில் நடந்தால் பணம் வசூலாகிறதாம். நாங்கள் தினமும் பால் வாங்க, பிள்ளையைப் பள்ளிக்கு விட, தண்டவாளத்தைத்தான் தாண்டுகிறோம். எங்களுக்கு யார் தருகிறார்கள்?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: தாயே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

தருவது இருக்கட்டும், பிடுங்குவார்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் நடந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். சட்டம் சரிதான், உயிர் காக்கத்தான் அது. ஆனால் நம் பக்கம் ஊரைத் தண்டவாளம் நாலாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வந்ததும் அரக்கோணம் பக்கம் ஒன்று, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒன்று, துறைமுகத்துச் சரக்குப் பாதை ஒன்று என்று விரிகிறது, இடையிடையே யார்டு. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ரேஷன் கடை. கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி நின்றுவிட்டால் ஆட்டோவில் பிரசவ வலியோடு இருக்கிற பெண்ணும் நிற்கத்தான் வேண்டும். மழை வந்தால் சுரங்கப்பாதை குளமாகிவிடும். நடைமேம்பாலம் கட்டினார்கள் என்றால் ஏற ஐம்பது அறுபது படி, மூட்டுவலிக்காரர் ஏறுவாரா, தண்டவாளத்தைத் தாண்டுவாரா? ஒரு சரிவுப்பாதையோ லிஃப்டோ வைத்தால் பாதிப் பேர் தண்டவாளப் பக்கமே போகமாட்டார்கள். நிதி நடை வைக்கிறவர்கள் இப்படி ஒன்றுக்காகவும் ஒரு முறை நடக்கலாம், ஆனால் பணம் திரட்டுவதற்கல்ல, அது அரசாங்கம் செய்ய வேண்டியது, மனு கொடுப்பதற்கு.

அதுவரை, தயவுசெய்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே ஏறுங்கள். இரண்டு தண்டவாளம் இருக்கிற இடத்தில் ஒரு ரயில் போன சத்தத்தில் இன்னொன்று வருவது கேட்காது. தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்மேன்களே அதில் போயிருக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஒரு நிதி நடைக்கு 500 ரூபாய் கட்டினேன். ஒரு டி-ஷர்ட், ஒரு வாழைப்பழம், ஒரு மெடல். பணம் எங்கே போனது என்று இன்றுவரை ஒரு வரி தகவல் இல்லை. இப்படி ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்களுக்கு வாழைப்பழமாவது கிடைத்தது. ரிட்டயர் ஆன புதிதில் ஒரு நடைக்கு என்னைப் பொருளாளராகப் போட்டார்கள், யார் என்று சொல்லமாட்டேன், நல்ல மனிதர்கள்தான். கண் ஆபரேஷனுக்குப் பணம் திரட்டுவதாகப் பேச்சு. வசூல் ஒரு லட்சத்துச் சொச்சம். டி-ஷர்ட், மேடை, மைக் செட், பேனர், விருந்தினருக்குப் பொன்னாடை, டிரோன் படம் எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் 11,000 ரூபாய் நின்றது. கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். யாரும் திருடவில்லை. நடையை நடத்துவதிலேயே மயங்கி, எதற்காக நடக்கிறோம் என்பதை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து டி-ஷர்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பழைய சட்டை போட்டு நடந்தால் புண்ணியம் ஒட்டாதா?

கேட்க வேண்டியது இதுதான். கட்டுகிற 500-இல் நடைச் செலவு எவ்வளவு, காரியத்துக்கு எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். செலவுக்குத் தனியாக யாராவது கடைக்காரரிடம், கம்பெனியிடம் வாங்கிக்கொண்டு, ஜனங்கள் தருவது முழுக்கக் காரியத்துக்கு என்று இருந்தால் இன்னும் நல்லது. தனி ஆள் நம்பருக்கு ஜிபே போடச் சொன்னால் போடாதீர்கள், சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். ரசீது வாங்குங்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச் சலுகை வேண்டுமென்றால் அந்த அமைப்பு அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரிமுறையில் இருக்கிறவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. அமைப்பின் பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் நகர்ந்துவிடுங்கள்.

காசிமேட்டுத் தம்பிகளும் இதைப் படிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர்கள் உங்கள் சங்கத்துக்குப் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அப்படி இல்லை. நல்லெண்ணத்தில் வாங்கிவிட்டு அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சரி ஐயா, பாம்பன் வேண்டாம், தண்டவாளம் வேண்டாம். வடசென்னையில் ரயிலோடு சம்பந்தப்பட்ட ஒரு நடை வைக்க வேண்டுமென்றால் எங்கே வைப்பீர்கள்?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஆரம்பிப்பேன். அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று ஒரு பத்து நிமிடம் கதை சொல்லச் சொல்வேன், சென்ட்ரல் கட்டுவதற்கு முன்னால் மதராசுக்கு இதுதான் ஸ்டேஷன் என்பதே நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்புறம் பழைய ஜெயில் ரோடு வழியாக, பாரதி மகளிர் கல்லூரியைத் தாண்டி, மின்ட், அங்கிருந்து வால்டாக்ஸ் ரோடு, கடைசியில் யானைக்கவுனி பாலம். அதன் கீழேதான் சென்ட்ரலுக்குப் போகிற வருகிற ரயில் அத்தனையும் ஓடுகிறது. பாலத்தில் ஆள் நடக்க வேண்டும், கீழே ரயில் போக வேண்டும், இரண்டும் கிடைத்துவிட்டது. பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், அதனால் இரும்பு துருவேறியிருக்குமோ என்ற பயமும் இல்லை.

கூட்ட நடை அந்தப் பாலத்துக்கொன்றும் புதிதில்லை. புரட்டாசியில் திருப்பதிக் குடை சௌகார்பேட்டையிலிருந்து கிளம்பி, சாயங்காலம் யானைக்கவுனியைத் தாண்டி சூளைப் பக்கம் போகும்போது பாருங்கள், குடை கவுனி தாண்டும் அந்த நேரத்தில் எள் போட்டால் எள் விழாது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தனை பேரை ஒழுங்காகக் கடத்திவிடுகிற போலீசாருக்கு உங்கள் இருநூறு பேர் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் கமிஷனர் அலுவலகத்தில் முன்னாலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள், ஏழுக்கு மேல் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரியும் வெயிலும் சேர்ந்து வந்துவிடும். வழியில் மோர்ப் பந்தல் ஒன்று, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முன்னாலேயே பார்த்து வைத்த ஒரு ஆள், இந்த இரண்டும் மைக் செட்டைவிட முக்கியம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ரயில் பாலத்தில் நடந்ததுண்டா?
- வாசகர், எண்ணூர்

பதில்: மாட்டிக்கொண்டேன். உண்டு, ஒரே முறை, உங்கள் ஊரைத் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில். எனக்குப் பதினொரு வயது. என் தாய்மாமன் கீமேன். கீமேன் என்றால் தினமும் தன் பகுதித் தண்டவாளம் முழுக்க நடந்து, தளர்ந்த சாவியைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறவர். பாலத்திலும் தினம் நடப்பார். நிதி நடை வைத்தவர்கள் வாழ்நாளில் ஒரு முறை நடக்கிற தூரத்தை அவர் சம்பளத்துக்காக மழையிலும் நடந்தார். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கையெழுத்துப் போட யாரும் வரவில்லை.

நச்சரித்து நச்சரித்து, ஒரு லீவு நாளில் அவர் பின்னாலேயே போய்விட்டேன். கரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. மூன்றாவது ஸ்லீப்பரில் கால் வைத்ததும் கீழே தண்ணீர் நகர்ந்தது, உடனே பாலம்தான் நகர்கிற மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். மாமா திரும்பி வந்து திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, சுத்தியல் பிடித்த கையை மாற்றிக்கொண்டு மறுகையை நீட்டினார். நாலு காலில் தவழ்கிற மாதிரி பாதி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாதி என்று அந்தக் கரை சேர்ந்தேன். நடுவில் எங்கேயோ ஒரு செருப்பு ஆற்றில் போய்விட்டது. புதுச் செருப்பு, தீபாவளிக்கு வாங்கியது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த என்னை அம்மா ஒன்றும் செய்யவில்லை. மாமாவுக்குத்தான் ஒரு வாரம் எங்கள் வீட்டில் காப்பி கிடைக்கவில்லை.